ஹெட் கேஸ்கெட் மாற்றிய மூன்றாம் நாள் எரிந்த விளக்கு

கேள்வி, மார்ச் 4

என் காரில் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பாதிக்கும் அடிப்பாதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதால் மேல்பாதியைக் கழற்றி வேலை பார்த்து வாங்கி வந்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலையில் செக் என்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0171 என்ற கோடு, அதாவது பிழைக் குறியீடு, காட்டுகிறது. வேலை செய்தவர்கள் "ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும், மாற்றிவிடலாம்" என்கிறார்கள். மாற்றலாமா? அல்லது கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாமா?

மார்ச் 4, இரவு

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

பி0171 என்றால் என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. காற்று கூடினால் ஆக்சிஜன் சென்சார் அதைப் புகையில் பார்த்துச் சொல்லும். என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு உடனே பெட்ரோலைக் கூட்டும். கூட்டிக்கொண்டே போய், பல வண்டிகளில் 25 சதவீதத்தை நெருங்கும்போது, இதற்கு மேல் என்னால் சமாளிக்க முடியாது என்று விளக்கைப் போடும். ஆக, சென்சார் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தூது வந்தவனை அடிப்பதுபோல அதை மாற்றச் சொல்கிறார்கள்.

கோடை அழிக்காதீர்கள். விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் என்ஜின் எப்படி இருந்தது என்று ஈசியு ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு, ஃபியூயல் டிரிம் (ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் அதைப் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், என்ஜின் நன்றாகச் சூடானதும் இரண்டு அளவுகள் பாருங்கள்: ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது, ஷார்ட் டெர்ம் (அந்த நேரத்துத் திருத்தம்), லாங் டெர்ம் (நாள்பட்ட திருத்தம்) ஃபியூயல் டிரிம் எவ்வளவு, 2500 ஆர்பிஎம்மில் எவ்வளவு. இவை கைக்கு வந்தால் மேலே பேசலாம்.

மார்ச் 5

இதை நேற்றே முதல் வரியாகச் சொல்லியிருக்க வேண்டும். விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மினுக்குகிறதா? மினுக்கினால் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓரமாக நிறுத்திவிட வேண்டும். நிலையாக எரிந்தால், சூடும் ஆயில் பிரஷரும் சரியாக இருக்கும்வரை மெதுவாக ஓட்டலாம்.

உங்களுடையது ஹெட் கேஸ்கெட் வேலை முடிந்த வண்டி. சூடு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

மார்ச் 6

அளவுகள் வந்துவிட்டன. விளக்கு நிலையாகத்தான் எரிகிறதாம், நல்லது. ஃப்ரீஸ் ஃப்ரேமில் 740 ஆர்பிஎம், வேகம் 0, கூலன்ட் 88 டிகிரி, லாங் டெர்ம் +22, ஷார்ட் டெர்ம் +6. இன்று எடுத்ததில் ஐடிலிங்கில் இரண்டும் சேர்ந்து +26, 2500 ஆர்பிஎம்மில் +9.

இந்த இரண்டு எண்ணே பாதி வழக்கை முடித்துவிடுகிறது. ஐடிலிங்கில் மோசம், ஆர்பிஎம் ஏறினால் குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி, அது எண்ணாத காற்று உள்ளே போகிறது. ஓட்டை ஒரே அளவுதான். ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்காகத் தெரியும். 2500-இல் என்ஜின் நிறைய இழுக்கும்போது அதே காற்று சின்னப் பங்காகிவிடும்.

பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ கதை தலைகீழாக இருந்திருக்கும். ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது, மேட்டில் ஏறும்போதும் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் எண் ஏறும். ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு இருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஹெட்டைக் கழற்ற, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டையும் பெரும்பாலும் கழற்ற வேண்டிவரும். அதைத் திரும்ப மாட்டியபோது கேஸ்கெட் நகர்ந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. மேனிஃபோல்டு சேரும் இடத்தில் கார்ப் கிளீனரை லேசாக அடித்துப் பாருங்கள், ஐடிலிங் மாறினால் அங்கேதான் ஓட்டை.

மார்ச் 6, பின்னிரவு

கார்ப் கிளீனர் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அது தீப்பிடிக்கும் சரக்கு. பக்கத்திலேயே, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டால் ஒரு நொடி அடைபடும், உறிஞ்சும் சத்தம் மாறும், ஆர்பிஎம் அசையும். இக்னிஷன் காயிலிலும் ஒயர் கனெக்டர்களிலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்மோக் மெஷின் (உள்ளே புகை விட்டு ஓட்டையைக் காட்டும் கருவி) வைத்திருப்பவர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

மார்ச் 7

"புதிதாக வேலை செய்த இடத்தில் தப்பு இருக்காது, பழைய பாகம் ஏதோதான் போயிருக்கும்" என்று அவர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான் இழந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என் வண்டிக்கு டைமிங் செயின் மாற்றினேன். வாங்கி வந்த இரண்டாம் நாளே லைட். கோடு பி0016. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள். இரண்டையும் இணைப்பதுதான் டைமிங் செயின். செயின் வேலை முடிந்த வண்டியில் இந்தக் கோடு வந்தால் யாரை முதலில் சந்தேகிக்க வேண்டும்? செயினைத்தான். ஆனால் செய்தவர் "புது செயின் போட்டாச்சு, அங்கே ஒன்றும் இல்லை, சென்சார்தான்" என்றார். கேம் சென்சார் மாற்றினேன். கோடை அழித்தார், மறுநாள் திரும்ப வந்தது. கிராங்க் சென்சார் மாற்றினேன். அழித்தார், வந்தது. மூன்றாம் தடவை அழித்துவிட்டு "இது இந்த மாடலுக்கே உள்ள வியாதி" என்றார்.

வண்டி ஓடியது என்பதுதான் என்னை ஏமாற்றியது. காலையில் ஸ்டார்ட் ஆக ஒரு நொடி கூடுதலாகச் சுற்றும். பிக்கப் கொஞ்சம் மந்தம். மூன்று நாளில் காது பழகிவிட்டது. ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன்.

வேறொரு மெக்கானிக் முன் கவரைத் திறந்து காட்டினார். கிராங்கைக் கையால் சுற்றி முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்தார். கிராங்க் புல்லியின் குறி நேராக நின்றது. எக்ஸாஸ்ட் கேம் பல்சக்கரத்தில் இருக்கும் புள்ளி நேராக நின்றது. இன்டேக் கேம் புள்ளி மட்டும் ஒரு பல் தள்ளி நின்றது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்கு. செயினை மாட்டும்போது தளர்வு தவறான பக்கம் நின்றிருக்கிறது. செயினை இறுக்கும் டென்ஷனரின் பின்னை உருவியதும் அது செயினைத் தள்ள, கேம் ஒரு பல் நகர்ந்துவிட்டது. மூடுவதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். சுற்றவில்லை. ஒரு பல்லோடு நின்றது என் நல்ல நேரம். இன்னும் சில பல் தள்ளியிருந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

ஆகவே பெரிய வேலைக்குப் பிறகு லைட் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, எதையெல்லாம் கழற்றினார்கள் என்பது. கை பட்ட இடமே முதல் சந்தேகம். புதுப் பாகம் என்பதற்காக அதை விட்டுவிட மாட்டேன்.

மார்ச் 8

செயின் கதையைப் படித்துவிட்டு உங்கள் வண்டியிலும் டைமிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். கேம், கிராங்க் கோடு எதுவும் வரவில்லை, மிஸ்ஃபயரும் இல்லை. எண்கள் காற்றைக் காட்டுகின்றன, காற்றையே தேடுவோம்.

கூடவே எர்த் ஒயரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. என் மைத்துனர் வண்டியில் என்ஜினை இறக்கி ஏற்றிய பிறகு நாலைந்து கோடுகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்தன. ஹெட்லைட் போட்டால் மீட்டர் மங்கும். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருந்தார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, ஸ்டார்ட் செய்யும்போது பார்க்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அவருடையதில் 1 வோல்ட்டுக்கு மேல் போனது. சென்சார்கள் எல்லாம் அந்த எர்த்தை நம்பித்தான் கணக்குச் சொல்கின்றன.

மார்ச் 10

தண்ணீர் அடித்துப் பார்த்ததில் மேனிஃபோல்டு ஓரத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்கிறீர்கள். எர்த் சரியாக இருக்கிறது. அப்படியானால் மேனிஃபோல்டு கேஸ்கெட் என்ற என் கணிப்பு தளர்கிறது. கணிப்பைப் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை, அடுத்ததைப் பார்ப்போம்.

ஐடிலிங்கில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறங்கள். பல என்ஜின்களில் உடனே ஐடிலிங் தடுமாறும், ஏனென்றால் கிராங்க்கேஸும் (என்ஜினின் அடியில் ஆயில் இருக்கும் அறை) இன்டேக்கோடு இணைந்த மூடிய பாதைதான். திறந்தும் ஒன்றுமே ஆகவில்லை என்றால், அந்தப் பாதையில் ஏற்கெனவே எங்கோ திறந்து கிடக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் ஓ-ரிங் அரை சென்டிமீட்டர் மேலே நின்றாலும் சில வண்டிகளில் காற்று போகும்.

அடுத்து மூன்று ஹோஸ்கள்: பிரேக் பூஸ்டருக்குப் போவது, பெட்ரோல் டேங்க் ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வுக்குப் போவது, கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு விடும் பிசிவி வால்வுக்குப் போவது. மேலேயிருந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கையை உள்ளே விட்டு, முழு நீளத்துக்கும் விரலால் தடவி, வளைத்துப் பாருங்கள். என்ஜினை அணைத்து, ஆறவிட்டுத்தான்.

மார்ச் 12

கிடைத்துவிட்டது! மூடியைத் திறந்தும் ஐடிலிங் அசையவில்லை என்று நீங்கள் நேற்றுச் சொன்னபோதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேனிஃபோல்டுக்குப் பின்னால், ஃபயர்வால் (என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகடு) பக்கம், கட்டைவிரல் தடிமனில் முழங்கைபோல் வளைந்த பிசிவி ஹோஸ். மேல்பக்கம் கறுப்பாக, பளபளப்பாக, ஒரு கீறல்கூட இல்லை. அடிப்பக்கத்தில், வளைவின் உள்ளே, ஒரு விரல்கணு நீளத்துக்குப் பிளவு. சும்மா இருக்கும்போது மூடிய உதடுபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது, வளைத்தால் திறக்கிறது. பிளவின் இரு ஓரமும் ஆயில் கசிந்து, அதில் தூசி ஒட்டி, சாம்பல் நிறக் கோடு. ஹோஸ் முனையில் ஸ்குரூடிரைவர் வைத்து நெம்பிய தழும்பும் இருக்கிறது.

வருடக்கணக்காக என்ஜின் சூட்டில் வெந்து இறுகிப்போன ரப்பர் அது. சும்மா விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். ஹெட்டை எடுக்க வேண்டும் என்று வளைத்து இழுத்ததில் உடைந்துவிட்டது. வேலை செய்தவர் வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வயது வண்டியில் இவ்வளவு தூரம் கழற்றும்போது இப்படிப்பட்ட சின்ன ஹோஸ்களைக் கையோடு மாற்றிவிடுவதுதான் முறை. உடைந்ததைப் பார்க்காமல், அல்லது பார்த்தும் மாட்டி மூடிவிட்டு, பிறகு சென்சார் விற்கப் பார்த்ததுதான் எனக்குக் கோபம்.

புது ஹோஸ் போட்டதும் ஐடிலிங்கில் எண் எவ்வளவு என்று சொல்லுங்கள். டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். ஆயில் ஆவியில் டேப் பசை ஒரு வாரம் தாங்காது.

மார்ச் 13

ஹோஸ் வரும்வரை ஒரு சின்ன விஷயம். "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு இந்த லைட்?" என்று கேட்டிருந்தீர்கள். இந்த விளக்கு பிறந்ததே புகைக்காகத்தான். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற இந்தச் சுயபரிசோதனை முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும், டீசல் கார்களுக்கு 2004-இலும் வந்தது. நச்சுப்புகையைக் கூட்டக்கூடிய கோளாறு எதுவானாலும் ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால்தான் கையில் ஒன்றும் உணராத கோளாறுக்கும் எரிகிறது. பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால்கூடச் சில வண்டிகளில் எரியும். அது டேங்க்கிலிருந்து ஆவி வெளியே போகிறது என்பதற்காக.

அந்த விதியால் நமக்கு வந்த பெரிய நன்மை, எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஸ்டியரிங் பக்கத்தில் அதே 16 பின் சாக்கெட், பி0 என்று தொடங்கும் கோடுகளுக்கு அதே பொருள். பி0171 எல்லா வண்டியிலும் பி0171தான். பி1 என்று தொடங்கினால் கம்பெனிக்குக் கம்பெனி பொருள் மாறும், அங்கே பொதுப் பட்டியலை நம்பக் கூடாது.

மார்ச் 16

புது ஹோஸ் போட்டாயிற்று. ஐடிலிங்கில் +26 இருந்தது +9 ஆகிவிட்டது, 2500-இல் +3. முடிந்தது என்றுதான் நினைக்கிறேன். லாங் டெர்ம் எண் பழையதை மறந்து இறங்கக் கொஞ்சம் ஓட்ட வேண்டும்.

மார்ச் 18

முடியவில்லை. இரண்டு நாள் ஓட்டியும் ஐடிலிங்கில் +9-இலேயே நிற்கிறது. இப்போது பி0420 பெண்டிங்காக வந்திருக்கிறது. கன்வர்ட்டரின் திறன் குறைவு என்ற கோடு. பெண்டிங் என்றால் ஒரு தடவை பார்த்திருக்கிறது, இன்னொரு ஓட்டத்திலும் அதையே பார்த்தால் விளக்கைப் போடும்.

கன்வர்ட்டரை மாற்ற ஓடாதீர்கள். வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. ஒரு கேள்வி: காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கிவிடுகிறதா?

மார்ச் 18, இரவு

வருகிறதாம். ஹெட் வேலை முடிந்ததிலிருந்தே வருகிறதாம், டேப்பெட் (வால்வுகளை இயக்கும் பாகம்) சத்தம் என்று சொல்லிவிட்டார்களாம்.

மார்ச் 6 அன்று நான் எழுதியதில் ஒரு குறை இருக்கிறது, இப்போது சரிசெய்கிறேன். ஐடிலிங்கில் எண் ஏறினால் இன்டேக் ஓட்டை என்று ஒரே பக்கம் பார்த்துவிட்டேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தாலும் அதே எண்தான் வரும். புகை துடிப்பு துடிப்பாகத்தான் வெளியே போகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் குறையும்போது அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துக் காற்று அதிகம் என்று சொல்லும். உண்மையில் கலவை சரியாகவே இருக்கும். ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். அந்த உபரிப் பெட்ரோல் கன்வர்ட்டரில் போய் விழும். ஆர்பிஎம் ஏறினால் துடிப்புகள் நெருங்கிவிடும், காற்று போவது குறையும். அதனால்தான் +9-உம் +3-உம்.

அதாவது ஓட்டைகள் இரண்டு. ஹோஸ் பெரியது, இது சின்னது. பெரியதைக் கண்டதும் நான் தேடலை நிறுத்திவிட்டேன். இறங்காமல் நின்ற +9 அன்றே என்னை உறுத்தியிருக்க வேண்டும்.

மார்ச் 19

இரவு படுத்த பிறகு இன்னொரு பயமும் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். கேஸ்கெட் போயிருந்த நாட்களில் கூலன்ட் எரிந்து கன்வர்ட்டர் வழியாகப் போயிருக்கும். கூலன்ட்டில் உள்ள சிலிக்கேட், பாஸ்பேட் போன்றவை கன்வர்ட்டரிலும் ஆக்சிஜன் சென்சாரிலும் படிந்து அவற்றைக் கெடுக்கக்கூடியவை. எத்தனை நாள் வெள்ளைப்புகையோடு ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே கன்வர்ட்டர் நன்றாக இருக்கிறது என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது. கசிவைச் சரிசெய்துவிட்டு, கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரின் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். பழைய வகை முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கும். பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் அமைதியாக நின்றால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. பின்னதும் முன்னதைப் போலவே தாவினால்தான் கவலைப்பட வேண்டும்.

கசிவைச் சரிசெய்யும்போது கண்ட சிலிகான் பேஸ்டையும் அப்பவிடாதீர்கள். சென்சாருக்குக் கெடுதல் செய்யாதது என்று டியூபிலேயே எழுதியிருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் புது கேஸ்கெட் மட்டும் போதும்.

மார்ச் 24

நீங்கள் அனுப்பிய விவரம்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் கடைசி ஸ்டட் (திருகு) கையால் திருகும் அளவுக்கு லூசாக இருந்திருக்கிறது. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அந்த மூலையில் மட்டும் கரி விசிறிபோல் படர்ந்திருக்கிறது. புகை தப்பிப் போன பாதை அதுதான். புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் முறையாக முடுக்கியாயிற்று. காலை டிக் டிக் போய்விட்டது.

இப்போது கோடை அழிக்கலாம். முதல் நாள் அழிக்க வேண்டாம் என்றேன், இன்று அழிக்கச் சொல்கிறேன், காரணம் ஒன்றுதான். அன்று தடயம் தேவைப்பட்டது. இன்று தேடுவதற்கு ஒன்றும் இல்லை. அழிக்காமல் விட்டாலும், கோளாறு இல்லாமல் மூன்று முழு ஓட்டங்கள் ஓடினால் விளக்கு தானாக அணையும். அழித்தால் ஈசியுவின் சுயபரிசோதனைகள் எல்லாம் முடியாத நிலைக்குத் திரும்பும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எந்தச் சோதனை முடிந்தது, எது பாக்கி என்று ஸ்கேனரில் ரெடினஸ் என்ற பகுதியில் இருக்கும். கேட்டலிஸ்ட், அதாவது கன்வர்ட்டர் சோதனை முடிய, குளிர்ந்த என்ஜினில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடாகி, நிறுத்தி நிறுத்திப் போகாமல் ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் போக வேண்டியிருக்கும். வண்டிக்கு வண்டி மாறும். அது முடியாமல் விளக்கு அணைந்திருப்பதை வைத்து மகிழ முடியாது.

மார்ச் 26

ஐடிலிங் +2, 2500-இல் +1. பின் சென்சார் 0.68 வோல்ட்டில் நிற்கிறது. எனக்கே மனசு லேசாகிவிட்டது. கேட்டலிஸ்ட் சோதனை மட்டும் பாக்கி.

ஏப்ரல் 2

எல்லாச் சோதனையும் முடிந்தது, பெண்டிங்கிலும் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றச் சொன்ன ஆக்சிஜன் சென்சார் அதே பழையதுதான், அதுதான் இத்தனை நாளும் நமக்கு வழி காட்டியது.

இனி லைட்டை விடுங்கள், கூலன்ட்டைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு, வாரம் இரண்டு முறை, காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேங்க்கில் அளவு எங்கே நிற்கிறது என்று மார்க்கரில் கோடு போட்டு வையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். வேலை முடிந்த முதல் சில நாளில் உள்ளே மாட்டிய காற்று வெளியேறி அளவு கொஞ்சம் இறங்குவது சகஜம், அதற்குப் பிறகும் கோடு இறங்கிக்கொண்டே போனால் அன்றே எழுதுங்கள்.